பெயரைத் தட்டினால் வருவது

2003-ல் நான் கல்லூரியில் பிளேஸ்மென்ட் வேலைக்கு வந்தபோது, ஒரு மாணவனைப் பற்றிக் கம்பெனிக்குத் தெரிந்ததெல்லாம் ஒரு ஃபைலுக்குள் அடங்கிவிடும். பத்தாவது, பன்னிரண்டாவது மார்க் ஷீட் ஜெராக்ஸ், செமஸ்டர் மதிப்பெண், அரியர் உண்டா இல்லையா என்று ஒரு வரி, இரண்டு பக்க ரெஸ்யூமே, அதன் மூலையில் ஒட்டிய பாஸ்போர்ட் சைஸ் போட்டோ. பெங்களூரிலிருந்து ஹெச்.ஆர். ஆட்கள் இரவு பஸ்ஸிலோ ரயிலிலோ வந்து கோவையில் இறங்குவார்கள். கல்லூரி கார் போய் அழைத்து வரும். எழுத்துத் தேர்வு, குழு விவாதம், நேர்முகம் எல்லாம் முடிந்து மாலையில் செமினார் ஹாலில் பெயர்ப் பட்டியல் வாசிப்பார்கள். தேர்வான பையன் முந்தின ராத்திரி விடுதியில் யாரைத் திட்டினான், எந்த நடிகருக்காகச் சண்டை போட்டான் என்பது வார்டனுக்குக்கூட முழுசாகத் தெரியாது.

இன்று கம்பெனிக்காரர் எங்கள் வாசலுக்கு வரும் முன்பே மாணவரின் பெயரைக் கல்லூரிப் பெயரோடு சேர்த்துத் தட்டிப் பார்த்துவிட முடிகிறது. அதனால் முதலாமாண்டுத் தொடக்க விழாவுக்கு வரும் பெற்றோரில் யாராவது ஒருவர் என்னை ஓரமாக அழைத்துக் கேட்காமல் போவதில்லை. "ஏனுங் சார், இந்த இன்ஸ்டா, பேஸ்புக்குல எல்லாம் இருந்தா பையனுக்கு வேலை கெடைக்காதுங்களா? அழிச்சுறச் சொல்லட்டுங்களா?"

அழிக்கச் சொல்லாதீர்கள் என்றுதான் நான் சொல்வேன். பதிவு போட்டு வேலையை இழந்த பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். ஆனால் தனக்குத் தெரிந்ததை இணையத்தில் நாலு பேர் பார்க்கும்படி வைக்கத் தெரியாமல் வாய்ப்பை இழந்த பிள்ளைகள் அவர்களைவிடப் பல மடங்கு. முதல் தலைமுறைப் பட்டதாரிகளிடம் இது இன்னும் அதிகம். பதிவு போட்டு இழந்தவர்களும் பெற்றோர் பயப்படுகிற காரணங்களுக்காகப் பெரும்பாலும் இழக்கவில்லை.

முதலில் வந்த சிக்கல் இ-மெயில் முகவரிதான். ஆர்குட் என்ற சமூக வலைதளம் வந்த 2004-க்குப் பிறகு பிரவுசிங் சென்டர்களில் பிள்ளைகள் கணக்குத் தொடங்க ஆரம்பித்தார்கள். நடிகர் பெயர், பைக் பெயர், பிறந்த வருஷம் எல்லாவற்றையும் சேர்த்து முகவரி வைப்பார்கள். அதே முகவரி ரெஸ்யூமேயிலும் ஏறும். பயிற்சி வகுப்பின் முதல் மணி நேரத்தை எல்லாருக்கும் சொந்தப் பெயரில் புது முகவரி எடுத்துக் கொடுப்பதற்கே செலவழித்தோம். ஆர்குட்டில் எந்தக் கம்யூனிட்டியில் இருக்கிறான் என்று எந்த ஹெச்.ஆரும் அன்று பார்த்ததில்லை. 2014-ல் ஆர்குட் மூடப்பட்டது; அதிலிருந்த பேச்செல்லாம் பிறகு காணாமல் போயிற்று. அந்தத் தலைமுறைக்குக் கிடைத்த அந்த வசதி அடுத்து வந்தவர்களுக்குக் கிடைக்கவில்லை.

யார் பார்க்கிறார்கள், எப்போது பார்க்கிறார்கள் என்பதில் பிள்ளைகளிடம் ஏகப்பட்ட கட்டுக்கதை. தமிழ்நாட்டுப் பொறியியல் சேர்க்கையில் யாரும் எதையும் பார்ப்பதில்லை. கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50 என்று 200-க்கு கட்-ஆஃப். அதுதான் இடத்தைத் தீர்மானிக்கிறது. கேம்பஸுக்கு வந்து நூற்றுக்கணக்கில் ஆள் எடுக்கும் பெரிய ஐ.டி. கம்பெனிகளும் ஷார்ட்லிஸ்ட் போடும்போது பார்ப்பதில்லை. அவர்களுக்கு ஆப்டிட்யூட் மதிப்பெண்ணும் அரியர் கணக்கும் போதும். பார்க்கிறவர்கள் வேறு. ஐந்து பேர், பத்து பேர் என்று எடுக்கும் சிறிய புராடக்ட் கம்பெனிகளில், தேர்வாகிற ஆளோடு தினமும் உட்கார்ந்து வேலை செய்யப்போகிற டீம் லீடு பார்ப்பார். ஆஃபர் கொடுத்த பிறகு நடக்கும் பி.ஜி.வி. என்கிற பின்னணிச் சரிபார்ப்பிலும் சில ஏஜென்சிகள் சோஷியல் மீடியா செக் என்று தனியாக ஒரு சேவையை விற்கின்றன. கம்பெனி காசு கொடுத்தால் செய்வார்கள். வேலைக்குச் சேர்ந்த பிறகு கிளையன்ட் பார்ப்பதும் உண்டு.

இனி, நான் கிட்ட இருந்து பார்த்தவை.

சென்னையிலிருந்து ஒரு சிறிய மென்பொருள் கம்பெனி வந்திருந்தது. கோடிங் சுற்றில் எங்கள் பையன் ஒருவன் மற்ற எல்லாரையும்விட வெகு தூரம் முன்னால் இருந்தான். அவனை எடுத்துவிடுவார்கள் என்று நானும் துறைத் தலைவரும் பேசிக்கொண்டிருந்தோம். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு டீம் லீடாக வந்திருந்த பெண் என்னைத் தனியே கூப்பிட்டுத் தன் போனை நீட்டினார். பையனின் சொந்தப் பக்கத்தில் ஒன்றுமில்லை. கோவில் திருவிழா, நண்பன் பிறந்த நாள், கிரிக்கெட். ஆனால் அவன் பெயரில் வேறொரு இடத்தில் கமென்ட்கள் இருந்தன. செய்தி வாசிக்கும் ஒரு பெண்ணின் படத்துக்குக் கீழே அவன் எழுதியிருந்ததை என்னால் இரண்டாவது வரிக்கு மேல் வாசிக்க முடியவில்லை. "என் டீம்ல ஆறு பேர் சார், அதுல நாலு பேர் பொண்ணுங்க. இவனை நான் யார் பக்கத்துல உக்கார வைக்கட்டும்?" என்றார். என்னிடம் பதில் இல்லை.

அன்று மாலை பையனைக் கூப்பிட்டுச் சொன்னேன். "அது என் பேஜே இல்லை சார், வேற எங்கயோ சும்மா போட்டது" என்றான். பெரும்பாலோர் அப்படித்தான் நினைக்கிறார்கள். தன் பக்கத்தைச் சுத்தமாக வைத்துக்கொள்வார்கள். அடுத்தவர் பக்கத்தில் எழுதியதும் தன் பெயரில்தான் நிற்கிறது என்று தோன்றாது. அதே வாரத்தில் வேறொரு ஹெச்.ஆர்., கோவா கடற்கரையில் கையில் பீர் பாட்டிலோடு நிற்கும் மாணவனின் படத்தைப் பார்த்துவிட்டு, "நாங்களும் போனோம் சார்" என்று சிரித்துக்கொண்டே அடுத்த ரெஸ்யூமேயை எடுத்தார். அவனுக்கு வேலை கிடைத்தது. வீட்டில் அந்தப் படத்துக்காக அவன் வாங்கிய திட்டு வேறு கணக்கு.

பிறரைக் கேவலப்படுத்துவதுதான் ஆளை வீழ்த்துகிறது. நம் ஊரில் அதற்கு ஒரு தனி வடிவம் உண்டு. சாதிப் பெருமை ரீல்ஸ். அரிவாள், மாட்டு வண்டி, தலைவர் படம், பின்னணியில் மிரட்டும் பாட்டு. நாங்குநேரியில் 2023-ல் ஒரு பள்ளி மாணவர் சாதி வன்மத்தால் வீடு புகுந்து வெட்டப்பட்ட பிறகு அரசு அமைத்த நீதிபதி சந்துரு குழு, கையில் கட்டும் வண்ணக் கயிறு முதல் பல சாதி அடையாளங்களைப் பள்ளிகளில் தடுக்கச் சொல்லி 2024-ல் அறிக்கை கொடுத்தது. கயிற்றை வாசலில் அவிழ்க்க வைக்கலாம். போனுக்குள் இருப்பதை யார் அவிழ்ப்பது? இரண்டாமாண்டுப் பையன் ஒருவனிடம் கேட்டபோது, "ஊருக்குள்ள ஒரு கெத்து சார்" என்றான். "கம்பெனியில் உன் மேனேஜர் எந்த ஊர், எந்த ஆள்னு உனக்குத் தெரியுமா கண்ணு?" என்று கேட்டேன். யோசித்தான். வேலைக்காக மட்டும் அழிக்காதே, அதைப் பார்த்து உன் கூடப் படிக்கிற ஒருத்தன் பயப்படுகிறான், அதற்காக அழி என்றேன். அழித்தானா என்று நான் போய்ப் பார்க்கவில்லை.

சட்டம் தொடுகிற இடத்துக்குப் போனால் விஷயம் இன்னும் கனம். 2012 நவம்பரில் மும்பை அருகே பால்கரில் இரண்டு இளம்பெண்கள் கைதானது பலருக்கு நினைவிருக்கும். சிவசேனைத் தலைவர் பால் தாக்கரே இறந்ததை ஒட்டி நகரம் அடைக்கப்பட்டதைப் பற்றி ஒரு பெண் பேஸ்புக்கில் எழுதினார்; இன்னொருவர் லைக் போட்டார். கைதுக்குக் காரணமான தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவை 2015 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. "அந்தச் செக்‌ஷனைத்தான் தூக்கிட்டாங்களே சார்" என்று சட்டம் தெரிந்த பிள்ளைகள் சொல்வார்கள். பிரிவுகளிடையே பகையை மூட்டுவது போன்ற குற்றங்களுக்கான சட்டம் அப்படியேதான் இருக்கிறது. பழைய தண்டனைச் சட்டத்தில் 153ஏ, 2024 ஜூலை முதல் பாரதிய நியாய சன்ஹிதாவில் 196.

டிப்ளமா முடித்து நேரடி இரண்டாமாண்டில் சேர்ந்த ஒரு மாணவன். நல்ல ஓட்டக்காரன். எஸ்.ஐ. தேர்வு எழுத வேண்டும் என்பது அவன் கனவு. எங்கள் கேம்பஸ் டிரைவ் எதற்கும் பெயர் கொடுக்க மாட்டான். ஊரில் இரு தரப்புக்கு ஏதோ தகராறு நடந்த சமயம், வேறு ஏதோ மாநிலத்து வீடியோவை உள்ளூரில் நடந்தது என்று யாரோ அனுப்ப, அதை இவன் மூன்று வாட்ஸ்அப் குழுக்களில் தள்ளிவிட்டான். எப்.ஐ.ஆரில் அவன் பெயரும் ஏறியது. "நான் எழுதல சார், ஷேர்தான் பண்ணேன்" என்று என் அறையில் நின்று அழுதான். சீருடைப் பணிகளில் சரிபார்ப்பு எவ்வளவு கடுமையானது என்பது அந்த வேலைக்குத் தயாராகிறவனுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். யாரோ அவனிடம் விண்ணப்பத்தில் வழக்கு இல்லை என்று போட்டுவிடு என்று சொல்லியிருந்தார்கள். அதை மட்டும் செய்யாதே என்று அவன் அப்பாவையும் உட்கார வைத்துச் சொன்னேன். வழக்கைவிட, வழக்கை மறைத்தது பெரிய குற்றமாக நிற்கும்; அவ்தார் சிங் வழக்கில் 2016-ல் உச்ச நீதிமன்றம் இந்த மறைப்பு பற்றி விரிவாகவே பேசியிருக்கிறது. பையன் இன்று ஈரோட்டில் ஒரு தனியார் கம்பெனியில் இருக்கிறான். வழக்கு முடிய எடுத்துக்கொண்ட காலம் அவனுடைய ஓட்டத்தைத் தின்றுவிட்டது.

கொரோனா காலத்தில் தேர்வுகள் வீட்டிலிருந்தே நடந்தபோது டெலிகிராம் குழுக்கள் பெருகின. ஒரு கம்பெனியின் ஆன்லைன் தேர்வை முதல் ஸ்லாட்டில் எழுதியவன் திரையைப் போட்டோ எடுத்து அடுத்த ஸ்லாட் நண்பர்களுக்காகக் குழுவில் போட்டான். நண்பனுக்கு உதவி என்றுதான் நினைத்தான். அவனுடைய லாகின் எண் படத்தின் ஓரத்தில் தெரிந்தது. கம்பெனி எங்கள் மொத்த பேட்சின் முடிவையும் நிறுத்தி வைத்து மறுதேர்வு வைத்தது. முதல் தடவை நன்றாக எழுதிய பல பேர் இரண்டாவது தடவை கோட்டைவிட்டார்கள். அதில் ஒரு பெண் கேட்டாள்: "நான் எந்தக் குரூப்லயும் இல்லையே சார், எனக்கு ஏன்?"

வெளிநாட்டுப் படிப்புக்குப் போகிறவர்களின் நிலை வேறு. அங்கே கல்லூரியே பார்க்கிறது. 2017-ல் ஹார்வர்டு, சேர்க்கை கொடுத்துவிட்ட மாணவர்களில் குறைந்தது 10 பேரின் இடத்தைத் திரும்பப் பெற்றது. அவர்கள் ஒரு தனிக் குழுவில் இனத்தையும் பாலியல் வன்முறையையும் வைத்து மீம்ஸ் பரிமாறிக்கொண்டார்கள் என்பது காரணம். தனிக் குழு என்ற சொல்லை நான் வகுப்பில் அழுத்திச் சொல்வது இதற்காகத்தான். குழுவுக்குள் இருக்கிற யாரோ ஒருவர் ஸ்கிரீன்ஷாட் எடுத்தால் போதும்.

அமெரிக்க விசாவுக்கான டி.எஸ்.-160 படிவம் 2019 முதலே கடந்த ஐந்து ஆண்டுகளில் பயன்படுத்திய சோஷியல் மீடியா கணக்குகளின் பெயர்களைக் கேட்கிறது. 2025 மே கடைசியில் மாணவர் விசாவுக்குப் புதிய நேர்காணல் நேரம் ஒதுக்குவதை நிறுத்தினார்கள். ஜூனில் மீண்டும் தொடங்கியபோது விண்ணப்பிக்கும் மாணவர்கள் தங்கள் கணக்குகளை எல்லாரும் பார்க்கும்படி திறந்து வைக்க வேண்டும் என்றார்கள். டிசம்பரில் ஹெச்-1பி விசாவுக்கும் அது வந்தது. அந்த ஜூன் மாதம் எம்.எஸ். படிக்கப் போகவிருந்த பழைய மாணவர்களிடமிருந்து ராத்திரி பதினொரு மணிக்கும் போன் வந்தது. கன்சல்டன்ட் எல்லாக் கணக்கையும் அழிக்கச் சொல்கிறார், என்ன செய்ய? படிவத்தில் இருக்கிற கணக்கை மறைத்துக் கையெழுத்துப் போடுவதுதான் ஆபத்து என்று ஒவ்வொருவரிடமும் சொன்னேன். அரசியல் கருத்துக்காக ஒரு மாணவனின் படிப்பைத் தடுப்பது எனக்கு உடன்பாடில்லாத காரியம். ஆனால் விசா கொடுப்பது அவர்கள் கையில் இருக்கிறது. வங்கிக் கடன் நம் அப்பா பெயரில் இருக்கிறது.

இவ்வளவும் கேட்ட பெற்றோர் மறுபடியும் அழித்துவிடச் சொல்வார்கள். அவர்களுக்கு நான் சொல்வது பள்ளிபாளையத்திலிருந்து வந்த ஒரு மாணவியின் கதை.

அப்பா கூலிக்குத் தறி ஓட்டுகிறவர். பெண் ஈ.சி.ஈ. படித்தாள். வகுப்பில் வாய் திறக்க மாட்டாள்; குழு விவாதத்தில் இரண்டு முறை வெளியேறினாள். மூன்றாமாண்டில் ஒரு மினி பிராஜெக்ட். பாவு இழை ஒன்று அறுந்தால் தறி நிற்க வேண்டும். இல்லாவிட்டால் துணியில் கோடு விழும், கூலியில் பிடிப்பார்கள். அவள் வீட்டுத் தறியில் அதற்கு வசதி இல்லை, அப்பாவின் கண்தான் காவல். ஒவ்வோர் இழையிலும் மெல்லிய தகடு ஒன்றைத் தொங்கவிட்டு, இழை அறுந்தால் தகடு கீழே விழுந்து இரண்டு கம்பிகளை இணைத்து மோட்டாரை நிறுத்தும்படி செய்தாள். பெரிய ஆலைகளில் இருக்கிற பழைய தத்துவம்தான். அதை மலிவான சாமான்களைக் கொண்டு தன் பட்டறையில், தறியின் ஓர் ஓரத்தில் மட்டும் ஓட்டிக் காட்டினாள்.

லிங்க்ட்இன்னில் போடு என்றேன். வீட்டில் போட்டோ போடக் கூடாது என்று கட்டளை. அந்தப் பயத்தில் அர்த்தம் உண்டு. பெண்களின் படத்தை எடுத்து ஒட்டு வேலை செய்து மிரட்டிய வழக்குகளுக்கு நானே பிள்ளைகளோடு சைபர் கிரைம் போலீஸுக்குப் போயிருக்கிறேன். அந்தரங்கப் படமோ ஒட்டுப் படமோ வந்தால், பாதிக்கப்பட்டவர் புகார் கொடுத்ததும் அதைக் குறித்த நேரத்துக்குள் நீக்க வேண்டும் என்று 2021 தகவல் தொழில்நுட்ப விதிகள் சமூக ஊடகக் கம்பெனிகளுக்குச் சொல்வதும், 1930 என்ற உதவி எண் இருப்பதும் பாதிப் பெற்றோருக்குத் தெரியாது. முகம் வேண்டாம், கை தெரிந்தால் போதும் என்று அவள் அம்மாவிடம் பேசினேன். தறிச் சத்தத்தோடு ஒரு நிமிஷ வீடியோ. அவள் விரல் ஓர் இழையை அறுக்கிறது, தறி நிற்கிறது. கீழே நாலு வரி.

கோவையில் ஜவுளி இயந்திரம் செய்யும் கம்பெனியின் பொறியாளர் ஒருவர் கமென்டில் கேட்டார்: தகட்டில் பஞ்சு படிந்தால் என்ன செய்வீர்கள்? இரண்டு நாள் கழித்து அவள் எழுதிய பதில் எனக்கு இன்னும் மனப்பாடம். படிகிறது, தினமும் துடைக்க வேண்டியிருக்கிறது, துடைக்காவிட்டால் இழை அறுந்தும் நிற்பதில்லை, ஒரு மூடி செய்து பார்த்துக்கொண்டிருக்கிறேன். அந்தப் பொறியாளர் மறுநாள் எனக்குப் போன் செய்தார். குழு விவாதத்தில் தோற்ற பெண்ணை அவர் விவாதமே வைக்காமல் இன்டர்ன்ஷிப்புக்கு எடுத்தார். பிறகு வேலையும் கொடுத்தார். சொந்தக்காரர் யாரும் கம்பெனியில் இல்லாத வீட்டுப் பெண்ணுக்கு அந்த ஒரு நிமிஷ வீடியோதான் சிபாரிசு. கணினித் துறைப் பிள்ளைகளுக்கு இதே வேலையைக் கிட்ஹப் செய்கிறது. எழுதிய புரோகிராம் அங்கே இருந்தால் நேர்முகத்தில் பேச்சு அதிலிருந்தே தொடங்குகிறது.

கல்லூரிகளைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். பிள்ளைகளுக்கு எச்சரிக்கை வகுப்பு எடுக்கும் நாமே ஆஃபர் வந்த மறுநாள் பெயர், படம், துறை, ஆண்டுச் சம்பளம் எல்லாவற்றையும் ஃப்ளெக்ஸில் அச்சடித்து நெடுஞ்சாலையில் நிறுத்துகிறோம். அதையே எல்லாத் தளங்களிலும் போடுகிறோம். அதைப் பார்த்து, கம்பெனியிலிருந்து பேசுகிறோம், லேப்டாப்புக்கு முன்பணம் கட்டுங்கள் என்று போன் வருகிறது. கட்டி ஏமாந்த குடும்பங்கள் உண்டு. கட்டியது பெரும்பாலும் வட்டிக்கு வாங்கிய பணம். டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023-ல் வந்தது, அதன் விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின. ஆனால் ஒருவர் தானே பொதுவில் வைத்த தகவலுக்கு அந்தச் சட்டம் பொருந்தாது. ஆஃபர் லெட்டரை முழுசாகப் போட்டோ எடுத்துப் போடுகிற பிள்ளைகளும் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். எங்கள் கல்லூரியில் இப்போது மாணவர் எழுதிக் கொடுத்தால் மட்டுமே படம் வரும், சம்பளம் வராது. இதற்கு நிர்வாகத்தோடு நான் நிறையப் பேச வேண்டியிருந்தது.

கடைசியாக, ஆள் எடுக்கும் நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். பதினேழு வயதில் போட்ட ஒரு மீமைப் பார்த்து இருபத்திரண்டு வயதுப் பிள்ளையை ஒதுக்காதீர்கள். எழுதிய தேதியைப் பாருங்கள். அதே பெயரில் வேறு யாராவதா என்றும் உறுதி செய்யுங்கள். நம் ஊரில் ஒரே பெயரும் ஒரே இனிஷியலும் ஒரே வகுப்பில் இரண்டு பேருக்கு இருக்கும். அப்படியும் ஒரு பதிவுக்காக ஒருவரைத் தள்ளிவிட்டால், காரணத்தை அவரிடம் சொல்லுங்கள். சொல்லத் தயக்கமாக இருந்தால் எங்கள் பிளேஸ்மென்ட் செல்லுக்கு ஒரு வரி எழுதுங்கள். அந்தச் சென்னைப் பெண் என்னைக் கூப்பிட்டுப் போனைக் காட்டியதால்தான் எங்கள் பையனிடம் என்னால் பேச முடிந்தது. மற்றவர்கள் எல்லாரும் ரிக்ரெட் மெயிலோடு நிறுத்திக்கொள்கிறார்கள்; பிள்ளைகள் தங்கள் மதிப்பெண்தான் குறைந்துவிட்டது என்று நினைத்து அடுத்த டிரைவுக்கு ஆப்டிட்யூட் புத்தகத்தைத் திறக்கிறார்கள்.